செப்டம்பர் உடைத்த ஏரி

பாஸ் பண்ணிப் பேர் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். ஃபெயிலாகியே பேர் வாங்கியவர் சென்னை ராஜதானி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவரை நாங்கள் செப்டம்பர் என்று கூப்பிடுவோம். மார்ச்சில் இன்டர்மீடியட் பரீட்சை எழுதுவார், தவறுவார். தவறியவர்களுக்கென்று செப்டம்பரில் இன்னொரு தடவை நடக்கும். அதிலும் தவறுவார். அப்பா அம்மா வைத்த பேரை ரோல் காலில்தான் கேட்க முடியும்.

நான் காலேஜில் சேர்ந்தபோதே அவருக்கு முன்தலை வழுக்கை. அவரோடு ஒரே பெஞ்சில் படித்த ஒருவர் எம்.ஏ. முடித்து, எங்களுக்கே லாஜிக் வாத்தியாராக வந்து சேர்ந்தார். முதல் நாள் பேர் கூப்பிட்டதும் செப்டம்பர் எழுந்து நின்று, "கீறேன் மச்சான்" என்றார். அதற்கப்புறம் வாத்தியார் அவர் பேரைக் கூப்பிடவே இல்லை. பேசாமல் ஆஜர் போட்டுக்கொள்வார்.

செப்டம்பர் ஆவடியில் ரயில் ஏறுவார். நான் அயனம்பாக்கத்திலிருந்து வயல் வரப்பில் நடந்து வந்து அம்பத்தூரில் ஏறுவேன். எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு வைத்திருப்பார். நான் அவரை அண்ணாத்தே என்பேன், அவர் என்னை நைனா என்பார். எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது ஒரே ஆள்: பூந்தமல்லி அரிசி மண்டிக்காரர். சுற்றுவட்டத்து விவசாயிகளின் பிள்ளைகளுக்குக் காலேஜ் சம்பளம், புஸ்தகம், ரயில் பாஸ் எல்லாம் அவர் தருமம்.

ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மார்க்கு குறைந்த பையன் ஞாயிற்றுக்கிழமை காலை மண்டிக்கு வரவேண்டும். நெல் அளக்கும் இடத்தில், வண்டி கட்டி வந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று, ஏன் குறைந்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்ன காரணம் அவருக்கு ஏற்றதாக இருந்தால் உதவி தொடரும். இல்லாவிட்டால் அன்றோடு சரி, ஏர் பிடிக்கப் போகலாம். நெல்லையே நாலு பேர் பார்க்கத்தான் அளக்கிறேன், பையனை மட்டும் மறைவில் வைத்தா அளப்பது என்பது அவர் கட்சி.

இரண்டாம் வருஷ அரைப்பரீட்சையில் நான் இங்கிலீஷிலும் லாஜிக்கிலும் விழுந்தேன். விழுந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் இங்கிலீஷ் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த வாத்தியார், ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மண்டியிலிருந்து ஆள் வந்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் அந்த மண்டியில் பல தடவை நின்று மீண்டவர். என்னைத் தேற்றும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போதெல்லாம் பாடம் நடக்கும்.

"காரணம் சொல்றதுல ஒரு மொறை கீது நைனா. ஒடம்பு சரியில்லன்னு சொன்னா அவரே கசாயம் போட்டு வாயில ஊத்துவாரு. யாரோ செத்துட்டாங்கன்னு சொன்னா, செத்தவரு மறுநாளே நெல்லு ஏத்திக்கினு மண்டிக்கு வந்து நிப்பாரு. நீ தண்ணின்னு சொல்லு. ஏரி ஒடைஞ்சி ஊட்டுக்குள்ள பூந்துச்சி, புஸ்தகம் பூரா போயிடுச்சின்னு சொல்லு. தண்ணிய யாரு சாட்சிக்குக் கூப்பிட முடியும்?"

கேட்க எனக்கு அமிர்தமாக இருந்தது. ரயிலில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எந்த வார்த்தையில் குரல் கம்மவேண்டும், எங்கே கண்ணைத் துடைக்கவேண்டும் என்பதெல்லாம் ஒத்திகை. அந்த நேரத்துக்கு இங்கிலீஷ் படித்திருந்தால் ராஜதானியில் முதலாவதாக வந்திருப்பேன்.

மண்டியில் அன்று நல்ல கூட்டம். அளவுக்காரர் மரக்காலைச் சாய்த்துச் சாய்த்து எண்ணிக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் சாய்வு மேஜைக்குப் பின்னால் இருந்தபடி, சொல்லு என்று தலையை அசைத்தார். நான் ஒத்திகை பார்த்தபடியே குரலைக் கம்மவைத்து, ஏரி உடைந்த கதையைச் சொன்னேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அளவுக்காரர் எண்ணிக்கையை விட்டுவிட்டு மரக்காலோடு அப்படியே நின்றார்.

"எந்த ஏரி?" என்றார் மண்டிக்காரர்.

"எங்க ஏரிதாங்க. அயனம்பாக்கம்."

"அதுல இந்த வருசம் மாடு மேயுதேப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்துவிட்டன. மார்கழியில் ஏரி வெடித்துக் கிடந்தது. நானே தினமும் அதன் நடுவில் குறுக்கு வழியாக நடந்துதான் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொய்யை மனப்பாடம் செய்கிற மும்முரத்தில், காலுக்குக் கீழே இருந்த ஏரியைப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் மானம் தப்பியிருக்கும். மண்டிக்காரர் சாக்குகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்து, "இன்னாய்யா, உங்க ஏரி ஒடைஞ்சிதாமே?" என்று கேட்டார். அங்கே, விதைநெல் கேட்டு வந்து, துண்டைக் கையில் பிடித்தபடி நின்றவர் என் அப்பா.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு தவளைகூட இல்லாத ஏரியை அவர் மனசுக்குள் ஒரு தடவை சுற்றி வந்திருக்கவேண்டும்.

"பையன் சொன்னா இருக்குமுங்க," என்றார். "நான் அந்தப் பக்கம் போயி நாளாச்சி."

எங்கள் வீட்டுக் கொல்லைக்கதவைத் திறந்தால் ஏரி. மண்டியே சிரித்தது. சாகுபடியில்லாமல் வந்து நின்றவர்கள்கூட அன்றைக்குச் சிரித்தார்கள். நான் குனிந்து, சிந்திக் கிடந்த நெல்மணிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லியிராத மனிதர், எனக்காக இத்தனை பேர் நடுவில், இவ்வளவு மோசமாக ஒரு பொய் சொல்லிவிட்டார்.

அப்போது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து செப்டம்பர் எழுந்து வந்தார். சீடன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்க, விடியற்காலையிலேயே வந்து ஒளிந்திருக்கிறார்.

"அந்த ஏரிய ஒடைச்சது நான்தாங்க," என்றார்.

சிரிப்பு நின்றது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் மேலயும் தப்பு இல்ல, பெரியவரு மேலயும் தப்பு இல்லீங்க."

மண்டிக்காரர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அப்போ ரங்கூன்ல செத்துப்போன உன் பெரியப்பா?"

"நல்லா கீறாருங்க. போன மாசம் லுங்கி அனுப்பினாரு."

"கண்ணு நோவுன்னு செவக்க செவக்க வந்து நின்னியே?"

"வெங்காயங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் செப்டம்பர் ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷம் பாடுபட்டுக் கட்டிய கோட்டையை, எனக்காக ஒரு காலையில் செங்கல் செங்கலாகத் தானே பிரித்துப் போட்டார். அவருடைய உதவி அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

மண்டிக்காரர் என் பக்கம் திரும்பி, நிஜக் காரணத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வாத்தியார் இங்கிலீஷில் சொல்வது எனக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் புரிந்தமாதிரி ஒன்றரை வருஷம் தலையாட்டினேன். இதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. குரல் தானாகவே கம்மிற்று.

மார்ச் பரீட்சை வரைக்கும் தவணை கொடுத்தார். பாஸானால் மேலே பி.ஏ.வுக்கும் தருவதாகச் சொன்னார். அதுவரை ஞாயிறுதோறும் மண்டிக்கு வந்து, இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்து, அங்கே இருப்பவர்களுக்குத் தமிழில் புரியவைக்க வேண்டும். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அளவுக்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவர் என்னைப்போல் தலையாட்டுகிறவர் இல்லை, இங்கிலீஷ் பாட்டு ஒன்றுக்கு அர்த்தம் சொன்னால், "அந்த ஆளு ஏன் அவ்ளோ நேரம் பூவைப் பாத்துக்கினு நிக்கறான், வேல இல்லியா அவனுக்கு?" என்று கேட்கிறவர்.

செப்டம்பரும் வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். ரயில் பாஸ் போனபிறகு காலேஜுக்கு வருவது நின்றது, மண்டிக்கு வருவது நிற்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு வாரமும் வாயெடுப்பேன். அவர் உடனே லாஜிக்கில் சந்தேகம் கேட்டு என்னை விரட்டிவிடுவார்.

ரிசல்ட் வந்த அன்று, பட்டணத்தில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருந்தேன். உச்சி வெயிலில், அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து வேர்க்க விறுவிறுக்க யாரோ வரப்பில் வருவது தெரிந்தது. செப்டம்பர்தான். வாசலில் அப்பாவிடம், உங்க புள்ள பாஸ் என்று சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்ன ஆனீங்க என்று கேட்டார்.

"இந்தத் தபா நான் எழுதவே இல்லீங்களே," என்றார் செப்டம்பர். "அதனால நானும் இந்த வருசம் ஃபெயிலாவல."

என் பாஸைச் சொன்னதைவிட உற்சாகமாக அதைச் சொல்லிச் சிரித்தார். நான் அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன். பானையில் கைவைத்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெளியே அவர், எனக்கு அவசரமில்லை, நைனா மெதுவா வரட்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.