பெடல் நீங்கலாக ஒன்பது கிலோ எண்ணூறு

அன்பும் மரியாதையும் மிகுந்த சகலை அவர்களுக்கு,

இவ்விடம் அனைவரும் நலம், என் இடது முழங்கை நீங்கலாக. அவ்விடத்தில் தாங்களும் தங்கள் இல்லத்தரசியும் முழங்கை உள்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"என்ன சகலை, சைக்கிள் வாங்கியாச்சா? ஞாயித்துக்கிழமை ஏரியைச் சுத்த வர்றீங்களா இல்லியா?" என்று மூன்று மாதமாகப் போனில் கேட்டு வருகிறீர்கள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு எழுத்துமூலம் ஓர் அறிக்கை இருக்க வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் தேர்வாகிவிட்டது. நாளைக் காலை வருகிறது. என் உடம்புக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்ன உங்கள் பெரிய மனதுக்கு நன்றி. ஆனால் அதன் அளவு என்ன என்று நான் கேட்டபோது, "நம்ம அளவுதான் சகலை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றீர்கள். முன்னே பின்னே இருக்கும் பொருளை என் சர்வீஸில் நான் பறிமுதல் செய்திருக்கிறேனே தவிர, ஏற்றுக்கொண்டதில்லை.

இந்த வயதில் எதற்கு சைக்கிள் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உங்களிடம் எனக்கென்ன ஒளிவு மறைவு. ஓய்வு பெற்றதிலிருந்து காலை எட்டு மணியானால் கை பரபரக்கிறது. சோதனை போட வேறு கடை இல்லாததால் நம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தேன். சர்க்கரை டப்பா, மாவு டப்பா எல்லாவற்றையும் நிறுத்து, தேதி போட்டு, சீட்டு ஒட்டினேன். உங்கள் மைத்துனி இருபது வருடமாக அளந்து ஊற்றுகிற டம்ளர் பத்து மில்லி குறைவு என்று கண்டுபிடித்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அதன் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "காலைல ரெண்டு மணி நேரம். ரெண்டே ரெண்டு மணி நேரம் எனக்குன்னு வேணும். வேற எதுவும் கேக்கல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது சகலை. கடைக்காரர்கள் என்னைக் கண்டு முகம் சுளித்தார்கள் என்றால் அது உத்தியோகம். சொந்த வீட்டில் நான் ஓர் இடைஞ்சல் என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாளாவது காலையில் இரண்டு மணி நேரம் வெளியே தொலைந்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். நடந்து பார்த்தேன், நாற்பது நிமிடத்தில் கால்கள் தாமாகவே வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. உங்கள் சைக்கிள் கூட்டம் ஏரியைச் சுற்ற சரியாக இரண்டு மணி நேரம் ஆகிறது என்று சொன்னீர்களே, அப்போதுதான் எனக்கு ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள், யோசனை வந்தது.

ஆராய்ச்சியை மாடி வீட்டுப் பல் மருத்துவரிடமிருந்து தொடங்கினேன். அவரிடம் கார்பன் இழையால் செய்த சைக்கிள் ஒன்று இருக்கிறது. விலையைக் கேட்டேன். அவர் சொன்னதும், என் பல் ஒன்றைச் சும்மா பிடுங்கிக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தத் தொகையை மறுபடி சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை விலை ஏன் என்றால், எடை குறைவாம்! எடை குறைந்தால் அபராதம் போட்டே பழகியவன் நான். இந்த சைக்கிள் உலகத்தில் மட்டும் எடை குறையக் குறைய விலை ஏறுகிறது, அதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று அவர் கேட்க, ஆர்வக்கோளாறில் நானும் சரி என்று சொல்லி, அவருடைய விசேஷ ஷூவை மாட்டிக்கொள்ள, அந்த ஷூ பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ள, நான் தெருமுனை வரை போய் வெற்றியோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் பிரேக் பிடிக்க, வண்டி நின்றது. கால் வரவில்லை. மருத்துவர் "குதிகாலை வெளிப்பக்கமா திருப்புங்க, திருப்புங்க!" என்று கத்தினார். நான் திருப்புவதற்குள் மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் சாய்ந்து முழங்கையால் தரையைத் தொட்டேன். ஜன்னலில் நின்று பார்த்த உங்கள் மைத்துனி கேட்ட முதல் கேள்வி, "திரும்பும்போது கியரைக் கொறைக்காம எதுக்கு அப்படி முக்கி முக்கி மிதிச்சீங்க?" என்பதுதான். கியரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினேன்.

அடுத்தது சைக்கிள் கடை. கடைக்காரரின் அப்பா அதே இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், என்னிடம் இரண்டு முறை அபராதம் கட்டியவர். மகன் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், இங்க தராசே இல்ல சார்" என்றார். தராசு என்னிடம் இருக்கிறது என்று பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து, வரிசையாக எல்லா சைக்கிளையும் மாட்டித் தூக்கினேன். நம் கைக்கு எட்டும் விலையில் ஓர் அலுமினிய சைக்கிள் இருந்தது. அதன் விளம்பர அட்டையில் ஒன்பது கிலோ எண்ணூறு என்று போட்டிருந்தது. தராசில் பத்து கிலோ நூற்றைம்பது. பிடித்துவிட்டேன் பாருங்கள் என்று நிமிர்ந்தேன்.

"அது பெடல் நீங்கலா சார்" என்றார் கடைக்காரர்.

"பெடல் இல்லாம எப்படிய்யா ஓட்டுறது?"

"ஓட்டும்போது பெடல் உண்டு சார். எடை போடும்போதுதான் இல்ல. எல்லா கம்பெனியும் அப்படித்தான்."

இப்படி ஒரு சாமர்த்தியத்தை என் முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர்கூட யோசித்ததில்லை. ஆனால் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். "எப்பவாச்சும் ஓட்டுறவங்களுக்கு கார்பன் எதுக்கு சார்? இந்த அலுமினியமே போதும். முன்னாடி ரெண்டு பல்சக்கரம், பின்னாடி எட்டு, மேடு ஏறிடலாம். டயர் மட்டும் இருபத்தெட்டு மில்லிமீட்டருக்குக் கொறையாம பாத்துக்குங்க, குண்டும் குழியும் முதுகுக்கு வராது. மிச்சப் பணத்துல ஹெல்மெட், பம்ப், லைட் வாங்கிடுங்க. முக்கியமா ஒண்ணு சார். ஃபிரேம் உங்க அளவா இல்லேன்னா, அது எவ்வளவு நல்ல சைக்கிளா இருந்தாலும் வேற யாரோ ஒருத்தரோட சைக்கிள்தான்" என்றார். அளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

அளவெடுக்கும் முறை இதுதான். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே தடிப் புத்தகம் ஒன்றை மேலே முட்டும்வரை வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். வரும் எண்ணைப் புள்ளி ஆறு ஏழால் பெருக்கினால் ஃபிரேம் அளவு. வீட்டிலிருந்த அகராதியை எடுத்தேன். எந்த முறையையும் முதலில் வேறொன்றில் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. ஆகவே முதலில் உங்கள் மைத்துனியை நிற்க வைத்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் எழுபத்தொன்று. முறை சரி என்று சான்றளித்துவிட்டு என்னை அளக்கச் சொன்னேன். எண்பது. இரண்டையும் அவளே ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். எண்பது என்றால் ஐம்பத்து நான்கு ஃபிரேம், இம்மியும் பிசகில்லை. கடையில் அந்த அளவு இல்லை, வரவழைக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் மூக்குக் கண்ணாடி பல் மருத்துவரின் சைக்கிளுக்கு அடியில் போனதிலிருந்து பொடி எழுத்து தெரியாததால் அவளே நிரப்பி, அவளே கடையில் கொடுத்துவிட்டும் வந்தாள். ஒரு தாளைக் கொடுத்து வர ஒரு மணி நேரம் ஆனது. கடையில் கூட்டம் போலிருக்கிறது.

இப்படியாகத் தேர்வு முடிந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் என்னை எதிர்பார்க்கலாம். உங்கள் சங்கிலிக்கு எண்ணெயும் உங்கள் மூட்டுகளுக்குத் தெம்பும் குறையாதிருக்க வாழ்த்தி,

தங்கள் அன்புள்ள சகலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. மேலே எழுதியதைப் படித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சைக்கிள் வந்தது. ஏறி உட்கார்ந்தேன், முழங்கால் இரண்டும் கைப்பிடியை முட்டின. இரும்பு டேப்பை வைத்து அளந்தால் நாற்பத்தெட்டு ஃபிரேம்! பழைய ஆவேசத்தோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் படிவத்தை எடுத்து நீட்டினார். கால் உயரம் எழுபத்தொன்று என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. "அம்மா நேர்ல வந்து, நாலு சைக்கிள்ல ஏறி உக்காந்து பாத்துட்டுத்தானே சார் குடுத்தாங்க. நீங்க அவங்களுக்கு வாங்கித் தர்றீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ரெண்டு மணி நேரம் எனக்குன்னு வேணும்னு சொன்னேன். நீங்க வெளிய போங்கன்னு எப்பச் சொன்னேன்?" என்றாள். கல்லூரிக்கு மூன்று வருடம் சைக்கிளில்தான் போனாளாம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம், சகலை. ஊரில் உள்ள எல்லாத் தராசையும் பார்த்தவன் இதைக் கேட்டதே இல்லை.

இன்று காலை கிளம்பிப் போனாள். சிவப்புக் குறி போட்ட டம்ளரிலேயே அளந்து நான் சமைத்துவிட்டு, கடிகாரத்தோடு வாசலில் நின்றேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து, முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். பத்து நிமிடம் அதிகப்படி. நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அவள்தான் வருகிறாள். எனக்காக மெதுவாக ஓட்ட முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டாள். அந்தப் பரண் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.