ஆடாத அசையாத நம்பர் பிளேட்

இரண்டாவது ஸ்க்ரூவை முறுக்கும்போதுதான் பம்பர் ‘மளுக்’ என்றது.

“என்னங்க சத்தம்?” சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்.

“ஒண்ணுமில்லம்மா, பம்பர் செட் ஆவுது” என்றார் சட்டம்.

‘சட்டம்’ என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் விதி சொல்வார். லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று அவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் படியேறியே போய்விடுவார்கள். வண்டிகளைப் பற்றிய சட்டம் மொத்தமும் மனப்பாடம். சொந்தக் காரின் நம்பர் கேட்டால் மட்டும் எட்டிப் பார்த்துத்தான் சொல்வார்.

அன்று மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். அவள் நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை ஷிஃப்டுக்கு பஸ் கிடையாது, லைசென்ஸ் இருந்தால்தான் வேலை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். “டிரைவிங் ஸ்கூல் எதுக்கு, நான் இருக்கேன்ல” என்று கற்றுக்கொடுத்த மகானுபாவர் நம்ம சட்டம்தான். இந்தத் தடவையும் போச்சு என்றால் வீட்டில் அவருக்கு நிம்மதியான சோறு கிடையாது.

இந்த லட்சணத்தில், முந்தின நாள் மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் காரை விட்டு, முன்பக்கத்து நம்பர் பிளேட்டைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். விடிந்ததும் ஓடிப்போய்ச் சேற்றைக் கிளறியதில், நல்லவேளை, கிடைத்துவிட்டது.

“நம்மளுதுதானா, பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“அவ்வளவு தண்ணிக்குள்ள வண்டிய விடற புத்திசாலி இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?”

“அதுவும் சரிதான்” என்று அவள் உடனே ஒத்துக்கொண்டது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பம்பர் விரிசல் விட்டதால் கம்பி வைத்துக் கட்டினார். மனைவி வெளியே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“தூங்கி வழியற மாதிரி ஒரு பக்கமா சாயுதுங்க.”

“சாயக் கூடாது! ஆடவும் கூடாது. எழுத்து மறையக் கூடாது. ஒண்ணு தப்பினாலும் டெஸ்டுக்கே எடுத்துக்க மாட்டாங்க” என்று அவளை மிரட்டிவிட்டு, தானும் மிரண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் டிரில்லர் இரவல் வாங்கினார்.

புது ஓட்டை மிக நேர்த்தியாக விழுந்தது. ஆனால், கடைசியில் இருந்த பூஜ்யத்தின் நட்டநடு வயிற்றில். அதற்குள் ஸ்க்ரூவின் கறுப்புத் தலை போய் உட்கார்ந்ததும் பூஜ்யம் எட்டாகிவிட்டது.

“ஐயையோ, நம்பரையே மாத்திட்டீங்களே!”

“வெள்ளைப் பெயின்ட் எதுக்கு இருக்கு?”

பெயின்ட் இருந்தது. ஸ்க்ரூ வெளுத்தது. ஒரு சொட்டு மட்டும் வழிந்து பக்கத்து நம்பர்மேல் படிந்தது. தின்னரைத் தொட்டு ஒரு துடை துடைத்தார். சொட்டும் போயிற்று, நம்பரும் போயிற்று.

மனைவி உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

டெஸ்டுக்குப் போகிற வழியில் ஸ்டிக்கர் கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் பிளேட்டைத் தடவிப் பார்த்தார்.

“இந்த இடத்துல என்ன நம்பர் சார்? பின்னாடி பிளேட்டப் பாத்து ஒட்டிடட்டுமா?”

“எதுக்கு? அழிச்சவனே நான்தான்யா, எனக்குத் தெரியாதா? நாலு!”

கடைக்காரர் உற்சாகமாக, வால் சுழித்த ஒரு நாலை வெட்டி எடுத்தார்.

“வாலெல்லாம் கூடாது! சட்டப்படி நம்பர் வெறும் நம்பரா இருக்கணும்.”

“வாலுக்குக் காசு இல்ல சார்.”

“யோவ், வேணாம்யா!”

ஒருவழியாக வாலில்லாத நாலு ஒட்டப்பட்டது. டெஸ்ட் மைதானத்துக்கு மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தால், இன்ஸ்பெக்டரே இன்னும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மைதானத்து வாட்ச்மேனின் ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை மடித்த பேன்ட், காலெல்லாம் சேறு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போச்சுடா என்று நினைத்தார் சட்டம்.

இன்ஸ்பெக்டர் காரின் பின்னால் நின்று நம்பரைக் குறித்துக்கொண்டு, உள்ளே ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

மனைவி ஓட்டினாள். வளைவு, மேடு, ரிவர்ஸ், எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. வேலிக்கு வெளியே சட்டம் வெறும் தரையில் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் இறங்கி, பாஸ் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். “நல்லா ஓட்டறீங்கம்மா. யாரு கத்துக்கொடுத்தது?”

“இவருதாங்க” என்று மனைவி பெருமையாகக் கையைக் காட்டினாள். சட்டம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மனுஷன் கேட்டால்தானே!

“சார், ஒரு நிமிஷம். முன்பக்கத்து பிளேட்ட நீங்க பாக்கவே இல்லையே. என் கையால மாட்டினது. ஆடாது, அசையாது.”

மனைவி இடுப்பில் கிள்ளினாள். அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக முன்னால் வந்தார். குனிந்தார். பிளேட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய மறுபடியும் படித்தார். நிமிரவே இல்லை.

“எப்படி சார்?” என்றார் சட்டம்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“ஐயா! நேத்து சுரங்கப்பாதைத் தண்ணியில போச்சுன்னு காலையிலேருந்து நாம ரெண்டு பேரும் சேத்துல தடவிட்டிருந்தமே, உங்க கார் நம்பர் பிளேட்டு, அது இதுதானேய்யா?”