சிமியோன் நடந்த நேர்த்தி

“அண்ணை, ஏறுங்கோ!”

மோட்டார் சைக்கிளைச் சிமியோனின் முழங்காலில் இடிக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினான் பக்கத்து வீட்டு றொகான்.

“நான் நடக்கப் போறன்ரா. நீ போ.”

“ஏன் அண்ணை, என்னோடை ஏதும் கோவமோ?”

குருநகரில் ஏறச் சொல்லி ஏறாவிட்டால் அது பகை. பிறகு கலியாணத்துக்கும் சொல்ல மாட்டார்கள், செத்தவீட்டுக்கும் வர மாட்டார்கள். சிமியோன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

அவருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சீனி வருத்தம் ஏறிவிட்டது. ஒரு மாதம் விடியலில் நடந்து அதைக் குறைக்காவிட்டால் தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புயலில் படகு கவிழ்ந்தபோதும் கலங்காத மனிதருக்கு ஊசி என்றால் வேர்த்துக் கொட்டும். அதை ஊருக்குச் சொல்லவும் வெட்கம்.

மறுநாள் வேறு ஒழுங்கையால் போனார். அங்கே சுபாஸின் ஓட்டோ.

“ஏறுங்கோ அண்ணை, நான் ஆஸ்பத்திரிப் பக்கம்தான்.”

“நான் மற்றப் பக்கம்!”

“அதுக்கென்ன?” நடுத்தெருவிலேயே ஓட்டோவைத் திருப்பிவிட்டான் பாவி.

அதற்கடுத்த நாள் சிமியோனின் பொறுமை போய்விட்டது. சந்தியில் நின்று கத்தினார்.

“அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிட்டன்! ஒரு மாதம் கோயிலுக்கு நடந்துதான் போவன். இனி என்னை ஏத்திறவனைப் பாவம் பிடிக்கும்!”

அதற்குப் பிறகு ஒருவரும் ஏறச் சொல்லவில்லை. ஆனால், நேர்த்திக்காரனைத் தனியே விட நம் சனத்துக்கு மனம் வருமா? விடிந்ததும் வலப்பக்கத்தில் றொகானின் மோட்டார் சைக்கிள் ஊர்ந்தது. முன்னால் சுபாஸின் ஓட்டோ, அதற்குள் ஒரு வாளி நிறைய, சீனி அள்ளிக் கரைத்த நெல்லிகிறஷ் சர்பத். நடுவே புகையை விழுங்கிக்கொண்டு சிமியோன்.

“துலைஞ்சு போங்கோடா! நல்ல காத்துக்கு வந்தவனைப் புகை போட்டுக் கொல்லுறியளே! ஒருத்தன் நடக்கிறதுக்கு ரெண்டு வாகனம் பெற்றோல் எரிக்கிறதோ?”

“நீங்கள் நடவுங்கோ அண்ணை, நாங்கள் வாறம்,” என்றான் சுபாஸ். “இந்தாங்கோ, குடியுங்கோ.”

சனம் கொடுப்பதை நேர்த்திக்காரன் மறுக்கலாமா? மறுத்தால் பொய் பிடிபட்டுவிடுமே. திட்டிக்கொண்டே குடித்தார். ஒவ்வொரு சந்தியிலும் குடித்தார்.

இருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி கத்தரீனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எனக்குச் சொல்லாமல் என்ன நேர்த்தி? சரி, வைச்சதை ஒழுங்கா முடியுங்கோ. அதுமட்டும் இந்த வீட்டிலை மச்சம் இல்லை!”

மீன்குழம்பும் போயிற்று. கோபத்தில் சோற்றைத்தான் இரண்டு தரம் போட்டுத் தின்றார்.

மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனார். தாதி மதுஷா முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“ஐயா, முந்தியை விடக் கூடியிருக்கு. இனி ஊசிதான்.”

சிமியோன் திரும்பிப் பார்த்தார். வாங்குப் பலகையில் காலுக்கு மேல் கால் போட்டபடி றொகானும் சுபாஸும்!

“உந்த ரெண்டு மூதேவியளாலைதான் பிள்ளை! ஒரு நாள் என்னை நிம்மதியா நடக்க விட்டவங்களோ? உவங்களுக்கு இங்கை என்ன வேலை?”

மதுஷா ஊசியை எடுத்தபடியே சொன்னாள்: “அவையை ஏசாதையுங்கோ ஐயா. அவைக்கும் சீனிதான். டொக்டர் அவையையும் நடக்கச் சொன்ன நாள் தொடக்கம், ஒரு காலமையும் விடாமல் உங்களோடைதான் போய்வருகினமாம்.”