பாம்புக்குக் குடில் கட்டியவர்

முப்பதுகளில் புதுச்சேரியில் அதிகம் பேருடைய சாபத்தை வாங்கிய மனிதர் யார் என்று கேட்டால் கவர்னர் என்பார்கள். தப்பு. குடில்காரர்தான். நானே தினம் இரண்டு வேளை சபித்திருக்கிறேன்.

மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது அவர் தொழில். பாறை, புல், ஓடை எல்லாம் வைத்து மாட்டுத் தொழுவத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார். அதைப் பார்த்து மயங்கினார் ஒரு பிரெஞ்சு வியாபாரி. அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் வந்து பார்க்கலாம். அங்கே நான் மேஸ்திரி. வியாபாரியை முசே என்றுதான் கூப்பிடுவோம். நன்றாகத் தமிழ் பேசுவார், திட்டும்போது மட்டும்.

முசேவின் சிமெண்டுத் தொட்டியில் ஒரு நல்ல பாம்பு கிடந்தது. மேலே கம்பி வலை. ஒளிய இடமில்லாமல் சுவரில் மோதி மோதி அதன் மூக்கு புண்ணாகியிருந்தது. அது போதாதென்று, வேடிக்கை பார்க்க வந்த கனவான்கள் குச்சியால் குத்துவார்கள். எல்லாம் படித்த கூட்டம். "காடு மாதிரி செய்" என்று தொட்டியைக் குடில்காரரிடம் ஒப்படைத்தார் முசே.

அன்று பிடித்தது எனக்குச் சனி. ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு புற்றை முழுசாக வண்டியில் ஏற்றச் சொன்னார் குடில்காரர். பாதி வழியில் வண்டிக்காரன் புற்றைக் கும்பிட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். மீதி வழி நானும் என் ஆட்களும் இழுத்தோம். நான் வளர்த்த கோரையை வேரோடு பிடுங்கினார். பாம்பைப் பானையில் போட்டு மூடிவிட்டு, தொட்டிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"யோவ், இன்னா பண்றே?"

"பாம்பு ஒசரத்துலேர்ந்து பாக்கறேன். இங்கேர்ந்து ஒன் மூஞ்சி தெரியுது மேஸ்திரி. அங்க ஒரு கல்லு வை."

வேலை முடிந்தது. பாம்பு புற்றுக்குள் போனது. போனதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு மண்ணும் புல்லும்தான் காட்சி.

"பாம்பு எங்கய்யா?" என்றார் ஒரு பெரிய வக்கீல்.

"உள்ள."

"தெரியலையே."

"ஒனக்குத் தெரியணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து?"

வக்கீல் கைத்தடியை உள்ளே விட்டார். குடில்காரர் அதைப் பிடுங்கி முட்டியில் வைத்து உடைத்தார்.

பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு பண்டிகைக்கு முசே விருந்தாளிகளை அழைத்திருந்தார். அதற்குள் புற்றை இடித்துப் பாம்பு கண்ணில் படும்படி செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டார். குடில்காரர் என்னிடம் வந்தார். கத்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"முட்டை போட்டிருக்கு மேஸ்திரி. மேல சுருண்டு கெடக்கு. இடிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"முசேகிட்ட சொல்லு."

"சொன்னேன். ஆம்லெட் போடுன்றான்."

பிறகு களிமண்ணில் ஒரு பாம்பு செய்தார். வண்ணம் பூசி, படமெடுத்தாற்போல் பாறைமேல் வைத்தார்.

"மாட்டிக்குவே" என்றேன்.

"குடில்ல வெச்ச மாட்டை எவனாவது பால் கறக்கச் சொன்னானா? பாத்துட்டுப் போயிடுவானுங்க."

விருந்தாளிகள் சொக்கிப்போனார்கள். ஒரு அம்மாள், பாம்பு தன்னையே முறைக்கிறது என்று நாற்காலி கேட்டாள். முசேவுக்குப் பெருமை தாங்கவில்லை. மெல்லிய பிரம்பை வலைக்குள் விட்டுத் தட்டினார். ஈரம் காயாத கழுத்து. தலை கழன்று உருண்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் குடில்காரரைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். ஊரை ஏமாற்றிவிட்டானாம். உயிருள்ள பாம்பைக் குத்தி விளையாடிய யோக்கியர்கள் சொன்னார்கள்.

புற்றை இடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். முட்டையிட்ட பாம்பின் புற்றில் எவன் கை வைப்பான்? நானும் ஆள் வரவில்லை, முனை மழுங்கிவிட்டது என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் முசேவுக்கு ஒரு குரங்கு கிடைத்தது. பாம்பை மறந்தார்.

குடில்காரர் தினமும் மதிலுக்கு வெளியே நின்று உயிரை வாங்குவார்.

"மேஸ்திரி, தண்ணி வெச்சியா? புத்து மேல ஊத்தாத. கல்லுல ஊத்து, அதுவா வழியட்டும்."

"போய்யா, எனக்குத் தெரியும்."

ஒரு காலையில் வலை ஓட்டையில் நூல்போல ஒரு சின்னப் பாம்புச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. முட்டைகள் பொரிந்து, குட்டிகள் சட்டை உரித்து, வலை வழியே வெளியேறியிருந்தன. மதிலுக்கு மேலே அதை நீட்டினேன். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாம்புக்குக் குடில் கட்டின கை என்று கோயிலிலும் அவரை அப்புறம் கூப்பிடவில்லை. அரியாங்குப்பத்தில் மண்சுவர் பூசப் போனார் என்று கேள்வி.

குரங்குக்கு மரம் நடச் சொன்னார் முசே. நட்டேன். "அங்க இல்லய்யா, இந்தப் பக்கம்" என்று கத்த யாருமில்லை. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டேன்.