துண்டுக்குள் மலேசிய வெள்ளி

பிள்ளைகளே, காரிமங்கலம் மாட்டுத் தரகரைப் போலச் சந்தேகப்படுகிற மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் கிடையாது. பால் வாங்கினால் பால்காரரையே முதலில் ஒரு மடக்கு குடிக்கச் சொல்வார். முகம் பார்க்கும்போதுகூட, கண்ணாடிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.

மலேசியாவில், ஈப்போவில் இருந்த அவர் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தூரத்து உறவில் அவர் எனக்கு மாமா; நான் முன்பு அந்த நாட்டில் வேலை பார்த்தவன் என்பதால் துணைக்குப் போனேன். அந்த ஊர்ப் பணத்துக்கு வெள்ளி என்று பேர். சென்னையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"மலேசியா நோட்டு மெட்ராசுல எப்படி மாப்ள ஒரிஜினலா இருக்கும்?" என்று மறுத்துவிட்டார்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே உள்ள பஸ் நிலையத்தில் நின்றோம். ஈப்போ பஸ் கிளம்ப இருபது நிமிடம். அதை விட்டால் சாயங்கால பஸ்ஸில்தான் இடம் இருந்தது. இருவரிடமும் இருந்தது ரூபாய் மட்டும். பணம் மாற்றும் கடையில் இருந்த தமிழ் இளைஞர், சுவரில் எழுதியிருந்த விலையைக் காட்டினார்.

"ஊரே பாக்கறாப்புல எவனாச்சும் வெலைய எழுதி மாட்டுவானா? இதுலயே தெரியுது திருட்டு!" என்றார் தரகர்.

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தரகர் கண்ணாடிச் சந்துக்குள் கையை நுழைத்து, அந்த இளைஞரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார்.

"ஐயோ, கைய விடுங்க அங்கிள்!"

"சத்தம் போடாதீங்க. ரெண்டு வெரலு சேத்துக் குடுங்க, முடிச்சுக்கலாம்."

காவலாளி ஓடி வந்தார். அவரை நான் சமாதானம் செய்வதற்குள், இளைஞர் பார்க்கக் கொடுத்த ஒரு வெள்ளி நோட்டைத் தரகர் கசக்கிக்கொண்டிருந்தார். "நிமிந்துக்குது பாரு மாப்ள! காயிதமே இல்ல, பிளாஸ்டிக்கு!"

எனக்குப் பொறுமை போயிற்று. "மாமா, பஸ் கெளம்பப் போவுதுங்க! அங்க உங்க புள்ள உங்களத்தான் கேட்டுட்டே கெடக்குது!"

அவர் கை நின்றுவிட்டது. இடுப்புப் பையை அவிழ்த்து மொத்த ரூபாயையும் உள்ளே தள்ளினார். "எவ்வளவோ குடுங்க சாமி." வந்ததை எண்ணவும் இல்லை. ஓடிப்போய் ஏறினோம்.

மகள் பிழைத்துக்கொண்டாள். நர்ஸ் பேத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தபோது நான் தரகரையே பார்த்தேன். இது நம் குழந்தைதானா என்று இங்கேயும் வழக்கைத் தொடங்கிவிடுவாரே!

அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எங்காத்தா சாடையே தான் மாப்ள. பாரேன்."

சிவந்து சுருங்கிக் கிடந்த அந்த முகத்தில் எனக்கு எந்தச் சாடையும் தெரியவில்லை.

"ஆமாங்க மாமா," என்றேன்.