ஜெல்லைக் கழுவிய தண்ணீர்

சாயக் கழிவுநீரிலிருந்து சாயத்தை உறிஞ்சி எடுக்கும் ஜெல்லைக் கண்டுபிடித்து, ஸ்வீடன் தேசத்துக்கு அரும்பெரும் தொண்டாற்றியவன் அடியேன் ருனே. கடற்பாசியில் செய்த, ஜவ்வரிசி மாதிரியான உருண்டைகள். நீலத் தண்ணீரில் கொட்டினால் உருண்டை நீலமாகும், தண்ணீர் தெளிந்துவிடும். இதற்காக டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மிஞ்சியிருப்பது சிக்னேயின் சாயப்பட்டறை ஒன்றுதான். கோடைத் திருவிழாவுக்குள் பட்டறைக் குழாயில் சாயம் வருவது நிற்காவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவதாக நகராட்சிச் சுற்றுச்சூழல் அதிகாரி ராக்னர் அறிவித்திருந்தார். சிக்னே என்னிடம் ஓடிவந்தாள். ஜெல்லைப் போட்டேன். குழாயில் பன்னீர் போலத் தண்ணீர் வந்தது.

இப்போது கையில் நீல ஜெல் மிஞ்சியது. குப்பையை எந்தத் தொட்டியில் போடுவதென்று தெரியாவிட்டால் எங்கள் நாட்டில் எவனுக்கும் தூக்கம் வராது. காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துக் கூட்டம் போட்டோம்.

"பிளாஸ்டிக் தொட்டியில போட்டுடலாமா?" என்றார் ராக்னர்.

"ஐயோ, அது கடற்பாசிங்க," என்றேன்.

"அப்போ சாப்பாட்டுக் குப்பை."

"இவ்வளவு நீலமாவா?"

"கழுவிட்டா?"

"கழுவினா பழையபடி வெள்ளையாயிடும். பத்துத் தடவை கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்னு என் ஆய்வுக் கட்டுரையிலயே போட்டிருக்கேனே!"

"மறுசுழற்சி!" ராக்னருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் தலையாட்டினோம்.

சிக்னே மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "கழுவின தண்ணி எங்க போகும்?"

எல்லோரும் தலையாட்டி முடித்த பிறகு கேள்வி கேட்பது எங்கள் ஊரில் பெரிய அநாகரிகம். கட்டுரை எழுதியபோது எனக்கே தோன்றாத கேள்வி அது. வெட்கமாக இருந்தது. ரொட்டியைக் கடித்துச் சமாளித்தேன்.

ராக்னர்தான் காப்பாற்றினார். "சட்டத்துல பட்டறைத் தண்ணி இருக்கு, வீட்டுத் தண்ணி இருக்கு, மழைத் தண்ணி இருக்கு. ஜெல் கழுவின தண்ணின்னு ஒண்ணு கிடையாது. இல்லாத தண்ணிய நான் எப்படிம்மா தடுக்கிறது?"

இல்லாத தண்ணீரை என் ஆய்வகக் குழாய் வழியாக ஆற்றில் விட்டோம்.

திருவிழாவன்று ஆற்றங்கரையில் வைத்து சிக்னேவுக்குத் தூய்மைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அடுத்து, வழக்கம்போல, எல்லோரும் ஆற்றில் குளிக்க வேண்டும். ஆறு பேனா மை நிறத்தில் ஓடியது. "தண்ணி பிரமாதம்!" என்று ராக்னர் குதித்தார். சான்றிதழ் கொடுத்தவரே குதித்த பிறகு வாங்கியவள் நிற்க முடியுமா? கண்டுபிடித்தவன்தான் நிற்க முடியுமா? ஊரே குதித்தது. கழுத்துவரை நீலமாகக் கரையேறினோம்.

சிக்னே தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "ஏன்யா ருனே, உன் ஜெல்லைத் தடவினா இது போகுமா?"

"சுத்தமாப் போயிடும்," என்றேன். "ஆனா அப்புறம் ஜெல்லைக் கழுவணும்."

யாரும் ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை.

"மறுபடி ஜெல்லைக் கழுவறதுல ஆட்சேபணை இல்லாதவங்க கை தூக்குங்க," என்றார் ராக்னர்.

நீலக் கைகள் வரிசையாக உயர்ந்தன. முதலில் உயர்ந்தது சிக்னேயின் கை. பாவம், திங்கட்கிழமை அவள் பட்டறையைத் திறந்தாக வேண்டும். எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் கிடையாது. நான் இரண்டு கையையும் தூக்கினேன்.