எங்கள் தெருவில் கடந்து போகாதீர்

சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது மனிதகுலம் செய்த பெரும்பிழையை, எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம் போன மாதம் திருத்தியது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கடமைக்காகச் சொல்கிறேன். சொல்லும்போது பெருமை தானாக வந்து ஒட்டிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எங்கள் தெரு அகலமான தெரு. இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் நடைபாதை, நடைபாதையில் எங்கள் கார்கள். ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் மார்க்கெட் ரோடு. வினையே இதுதான். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத பேர்வழிகள் எல்லோரும் எங்கள் தெருவுக்குள் புகுந்து மார்க்கெட் ரோட்டில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வருகிறவன் எங்களைப் பார்க்க வருவதில்லை. போகிறவன் சொல்லிக்கொண்டு போவதில்லை. சும்மா கடந்து போனார்கள். ஒரு தெருவை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னவர், தலைவரான பிறகு மூடச் சொல்லப் பழகிக்கொண்டார். அவர் வீட்டு மாடி ஹாலில்தான் அந்தப் பொன்னான கூட்டம் நடந்தது.

"மொதல்ல 'வெளி வண்டி'ன்னா என்னன்னு வரையறுக்கணும்" என்றார் வக்கீல். அவர் சங்கத்தின் சட்ட ஆலோசகர். காபி வந்தால்கூட அது காபிதானா என்று நிலைநாட்டிய பிறகே குடிப்பார்.

"நம்ம வண்டி இல்லாததெல்லாம் வெளி வண்டி" என்றார் பாட்டு டீச்சர். தெருவில் ஹாரன் சத்தத்தால் சுருதி தப்புகிறது என்பது அவருடைய நீண்டநாள் புகார். ஹாரன் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே தப்பிக்கொண்டிருந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தச் சிலரில் இல்லை.

"அப்போ என் மாப்பிள்ளை வண்டி?" என்றார் வக்கீல்.

"மாப்பிள்ளை எப்படிங்க வெளியாள் ஆவார்?" என்றார் தலைவர்.

"அது அவர் நடந்துக்கிறதைப் பொறுத்தது."

இப்படி ஆழமாக விவாதித்து முடிவெடுத்தோம். மார்க்கெட் ரோட்டு முனையை ஆளுயர சிமெண்ட் பூந்தொட்டிகளால் அடைத்துவிடுவது. மெயின் ரோட்டு முனையில் ஒரு கேட், ஒரு வாட்ச்மேன். தெருக்காரர்களின் வண்டிக்கு முன்கண்ணாடியில் ஸ்டிக்கர். மற்றவர்கள் எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வரலாம், வந்த வழியே திரும்பிப் போகலாம். ஸ்டிக்கர் வாசகம் அடியேன் எழுதியது: 'இது மனிதர்கள் நடமாடும் தெரு. மெதுவாகச் செல்க. ஹாரன் அடிக்காதீர்.' படித்ததும் பாட்டு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. எங்கள் ஆபீஸ்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடைகண்ணி எல்லாமே மார்க்கெட் ரோட்டுப் பக்கம். அந்த முனையை அடைத்துவிட்டால் நாங்கள் எப்படிப் போவது?

"அதான் பின்தெரு இருக்கே" என்றார் தலைவர்.

ஆமாம், இருந்தது. எல்லோரும் நிம்மதியாகக் காபியைக் குடித்தோம்.

பின்தெரு என்பது எங்கள் தெருவுக்கு முதுகு காட்டி ஓடும் ஒரு சந்து. அதுவும் மெயின் ரோட்டிலிருந்து மார்க்கெட் ரோட்டுக்குத்தான் போகிறது. நடைபாதை கிடையாது. வாசற்படி இறங்கினால் ரோடு. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் சைக்கிளும் தண்ணீர் டிரம்மும். அங்கேதான் என் சொந்த அக்கா குடியிருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லைச் சுவரும் என் வீட்டுக் கொல்லைச் சுவரும் ஒரே சுவர்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. கை தேறிவிட்டது. கால்தான் பாக்கி. "இந்த வருஷத்துக்குள்ள தினமும் நடந்தா கால் உங்களோடது, நடக்கலைன்னா நாற்காலியோடது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் பின்தெருவில் நடப்பார். அந்தச் சந்தில் அப்போது வண்டி வருவதே அபூர்வம். நடந்து முடித்ததும், "இன்னிக்கு டிப்போ வரைக்கும் ஓட்டிட்டேன்" என்பார். டிப்போ என்பது சந்து முனையில் இருக்கும் இஸ்திரிக் கடை.

பூந்தொட்டிகள் வந்து இறங்கின. எங்கள் தெருவில் பேரமைதி நிலவியது. பாட்டு டீச்சரின் சுருதி எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அமைதிக்கு எதிராக யாரும் எதுவும் சொல்லவில்லை, கொல்லைச் சுவரைத் தவிர.

"டேய் தம்பி!" சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை தெரிந்தது. துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்றிருந்தாள். "உங்க தெருவுல அமைதின்னு போர்டு வெச்சிட்டீங்க, சரி. அங்க இருந்த சத்தமெல்லாம் எங்க வாசல்ல வந்து நிக்குதுடா. காலைல கதவைத் தெறந்தா கார் மூக்கு உள்ள வருது. உங்க அத்தான் எங்கடா நடப்பாரு?"

"அக்கா, இது போக்குவரத்து மறுசீரமைப்பு. ஆரம்பத்துல கொஞ்சம் சிரமம் இருக்கும்."

"யாருக்கு இருக்கும்?"

எவ்வளவு நுட்பமான கேள்வி! இதைக் கூட்டத்தில் எழுப்பியிருந்தால் துணைக்குழு அமைத்திருப்போம்.

"அவரை உங்க தெருவுல நடக்க விடு. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதுக்கென்ன காசா பணமா?"

"தாராளமா வரட்டும்க்கா" என்றேன். சொன்னது தம்பி. செயலாளரைக் கேட்கவில்லை, தப்புதான்.

மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்தார். "சார், இங்க ஒருத்தர் உள்ள வரணும்ங்கிறாரு. சக்கரம் இருக்கு. ஸ்டிக்கர் இல்ல."

கேட்டுக்கு ஓடினேன். அத்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். பின்னால் தலைவரும் வக்கீலும் காலை நடையை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள். அத்தானை வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"சக்கரம் இருந்தா அது வண்டி" என்றார் வக்கீல். "ரெண்டு சக்கரம். ஆக, டூ வீலர்."

"சத்தம் வருமா?" என்றார் பாட்டு டீச்சர், பால்கனியிலிருந்து.

அத்தான் வாக்கரை லேசாகத் தள்ளிக் காட்டினார். கிறீச் என்றது. பாட்டு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"நடந்து எங்க போவீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"எங்கயும் போகலைங்க. சும்மா நடப்பேன்."

"தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினா நீங்க விருந்தாளி. தொட்டிகளுக்கு நடுவுல நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிட்டா கடந்து செல்லும் போக்குவரத்து. புரியுதுங்களா?"

"என் கால் எங்க வரைக்கும் போகும்னு தெரிஞ்சா நான் ஏங்க நடக்கறேன்?" என்றார் அத்தான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு நல்ல மனசு. வழி ஒன்று காட்டினார். "உங்க சொந்தக்காரர்தானே, செயலாளரே? உங்க வீட்டுக்குத்தான் வர்றாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தானும் பார்த்தார். ஒரே ஒரு 'ஆமா'தான். ஆனால் ஐயா, பொதுவாழ்க்கை என்று வந்துவிட்டால் சொந்தபந்தம் உண்டா? நாளைக்கு வக்கீலின் மாப்பிள்ளைக்கும் இதே சலுகை கேட்டால்? "இல்லைங்க, அவர் என் வீட்டுக்கு வரலை. நடக்கத்தான் வந்திருக்காரு" என்று உண்மையை உரக்கச் சொன்னேன். தலைவர் என் முதுகில் தட்டினார்.

பிறகு தீர்மானம் மளமளவென்று பிறந்தது. 'பின்தெருவாசி ஒருவரின் நடை சாதனம், அதன் சக்கரங்கள் நீக்கப்படும் பட்சத்தில், மனிதாபிமான அடிப்படையில் உள்ளே அனுமதிக்கப்படும்.' கை தூக்கினார்கள். நான் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்ததால் என் கை தூக்கும் நிலையில் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

"சக்கரத்தைக் கழட்டணுமா?" அத்தான் சிரித்தார். ஒரு பக்க உதடு மட்டும்தான் சிரித்தது. "டயரைக் கழட்டிட்டு வண்டி எடுக்கச் சொன்ன மொதல் டிப்போ உங்களோடதுதான் மச்சான்."

ஆனாலும் கழற்றினார். கால் வேண்டுமே. சைக்கிள் கடைக்காரர் வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். சக்கரம் இருந்தால் தள்ளிக்கொண்டே போகலாம். இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்து, பிறகு காலை இழுத்து வைக்க வேண்டும். அக்கா வீட்டு வாசலிலிருந்து எங்கள் கேட்டுக்கு வர, பின்தெருவின் பாதியை அப்படித்தான் கடக்க வேண்டும்.

இதற்கிடையே எங்கள் சாதனையை உலகறியச் செய்ய 'அமைதித் திருநாள்' கொண்டாடுவது என்று முடிவாகியிருந்தது. அமைதியைப் பற்றி நாலு பேருக்குக் கேட்கும்படி பேச வேண்டாமா? நல்ல பெரிய ஒலிபெருக்கியாகப் பார்த்து வாடகைக்குப் பேச, நானும் தலைவரும் என் காரில் மார்க்கெட் ரோட்டுக்குக் கிளம்பினோம். வேறு வழி ஏது, பின்தெரு வழியாகத்தான்.

சந்தில் வண்டி நகரவில்லை. முன்னால் யாரோ ஒருவர் ரோட்டின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தார். ஓரத்தில் நடக்க இடம் இருந்தால்தானே? எங்களுக்குப் பின்னால் வக்கீலின் கார், அதற்குப் பின்னால் பாட்டு டீச்சரின் ஸ்கூட்டர், அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை.

"யாருய்யா அது, சொந்த ரோடு மாதிரி?" என்றார் தலைவர். "ஹாரன் அடிங்க."

அடித்தேன். எங்கள் தெருவில்தான் அடிக்கக் கூடாது. இது எங்கள் தெரு இல்லையே. முன்னால் போனவர் அவசரமாக வாக்கரைத் தூக்கினார். பின்னாலிருந்து வக்கீலும் அடித்தார். பாட்டு டீச்சரும் அடித்தார், நல்ல உச்சஸ்தாயியில். தூக்கிய வாக்கர் கோணலாக இறங்கியது. சக்கரம் இருந்த இடத்தில் இப்போது வெறும் கம்பி. அது சாக்கடை மூடியின் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. மனிதர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

இறங்கி ஓடினேன். அத்தான் எழுந்திருக்க முயலவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். "ஹாரன் கேட்டுச்சு மச்சான். வழி விடத்தான் பார்த்தேன்" என்றார். அதை நான் சங்கக் குறிப்பில் சேர்க்கவில்லை.

அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவரைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "இது மனிதர்கள் நடமாடும் தெரு. மெதுவாகச் செல்க. ஹாரன் அடிக்காதீர்." பிறகு பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள், அதற்கடுத்த வண்டியைப் பார்த்தாள், வரிசை முழுக்கப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே ஸ்டிக்கர்.

"வெளி வண்டி, வெளி வண்டின்னு தேடினீங்களே, இதுல எதுடா வெளி வண்டி?" என்றாள்.

அத்தானுக்கு இடுப்பெலும்பில் விரிசல். படுக்கையில் இருக்க வேண்டும், எழுந்தாலும் நாற்காலிதான், இனி அந்தக் காலை நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் கொடுத்த வருஷம் முடிய இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

அமைதித் திருநாள் திட்டமிட்டபடியே நடந்தது. பந்தல், நாற்காலி, ஆளுயர ஒலிபெருக்கி. நான் ஆண்டறிக்கை வாசித்தேன். "நமது தெருவில் இன்று ஒரு வெளி வண்டிகூடக் கடந்து செல்வதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடங்கியபோது அக்கா கேட் வழியாக வந்துகொண்டிருந்தாள். கையில் அந்த வாக்கர். வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். சக்கரம் இல்லை. விதிப்படி உள்ளே விட்டார்.

நேராக மேடைக்கு வந்தாள். வாக்கரை என் முன்னால் மேஜைமேல் வைத்தாள். ஒலிபெருக்கி தரமானது, அவள் மெல்லச் சொன்னதுகூடக் கடைசி வீடு வரை கேட்டது.

"நீங்க சொன்னபடி சக்கரத்தைக் கழட்டியாச்சு, இனிமே இது வண்டி இல்ல. அவரும் இனிமே நடக்கறவர் இல்ல. ரெண்டையும் எழுதிக்கோ தம்பி."

எழுதிக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.